சுகமாகாத கண்ணுக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நான் தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். போன வருஷம் லெந்து தவக்காலத்தில், மெஷினில் வெள்ளைத் துணியை வைத்தபோது வலது கண்ணுக்கு முன்னால் கருப்பாய் ஒரு வளையம் மிதந்தது. நூல் என்று தட்டினேன். போகவில்லை. பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே வந்தது. வெள்ளைச் சட்டைதான் எங்கள் வயிற்றுப்பாடு. தையல் கோணிக் கோணிப் போயிற்று. கண் போய்விடும் என்றே அழுதேன்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கண்ணை மூடியிருந்தால் வளையம் எப்படித் தெரியும்? வீட்டுக்காரர் கேட்டபோது, இப்போது தெரியவில்லை என்றேன். அவருக்கு அது போதும். ஞாயிறு ஆராதனையில் பூரிப்போடு எழுந்து, கர்த்தர் என் மனைவியின் கண்ணைச் சுகமாக்கினார் என்று சொல்லிவிட்டார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அந்நேரம் போதகரின் வெள்ளை அங்கிமேல் வளையம் நீந்திக்கொண்டிருந்தது.

அதற்குப்பின் நான் பட்ட பாடு! ஆஸ்பத்திரிக்குப் போனால் விசுவாசமில்லாதவள். உண்மையைச் சொன்னால் அவர் பொய்யர். காரோடு ஊரிலிருந்து ஒரு அம்மா, எப்படி ஜெபித்தாய் என்று கேட்டு வந்தார். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நின்றேன். பள்ளி திறக்கப்போகிற சமயம், துணி மலையாய்க் குவிந்தது. ஆண்டவரே, கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளும், முதலில் என் வாயில் விழுந்த இந்தப் பூட்டைத் திறவும் என்று கெஞ்சினேன்.

ஒரு மத்தியானம் அவருக்குக் கஞ்சி விளம்பினேன். அதில் முடி கிடப்பதாக நினைத்து எடுக்கப்போனேன். முடி இல்லை. அவர் என் கையைப் பிடித்தார்.

"அது இப்பவும் உண்டா?"

"உண்டு. ஒருநாளும் போகல்ல."

அவர் அதற்குமேல் கஞ்சியைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறு, முன்பு நின்ற அதே இடத்தில் எழுந்து நின்றார்.

"அண்ணைக்கு நான் அவசரப்பட்டுட்டேன். அவளுக்குக் கண்ணுல உள்ளது மாறல்ல. நாளைக்கு டாக்டர்ட்ட கொண்டு போறேன். எல்லாரும் ஜெபிக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. போதகர் முழங்காலிட்டார். நான் அழுதேன், இந்தத் தடவை பயத்தினால் அல்ல.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்தார்கள். விழித்திரையில் கிழிசல் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் ஜெல் வயதினால் விலகியதாம். பலருக்கு லேசர் வேண்டியிருக்காது, இது பெரிய வளையம், வேலையைக் கெடுப்பதால் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். லேசர் கருவியில் தாடையை ஊன்றி உட்கார்ந்தேன். வலியில்லை, வெளிச்சம் வெட்டி வெட்டிப் போனது. மறுபடி ஒருமுறை போனபோது வளையம் உடைந்தது. தையல் நேரானது.

பூரண சுகம் என்று சொல்லமாட்டேன். அவசரப்பட்டு அறிக்கை செய்ய இனி எங்கள் வீட்டில் ஆளில்லை. ஆனால் நான் கேட்டபடியே கர்த்தர் முதலில் பூட்டைத்தான் திறந்தார். சுகம் என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் அடைபட்டிருக்கிற சகோதரியே, உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல். வீட்டிலும் சொல். மெய்யைச் சொன்னதற்காக அவர் ஒருவரையும் தள்ளமாட்டார்.

இதை எழுதும் காகிதத்திலும் சின்னதாய் ஒரு பொட்டு மிதக்கிறது. அவருக்கு ஸ்தோத்திரம்.