வெண்டலின் பின்னறையில் சீட்டாட்டம்

இது என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் அமெரிக்காவில் எங்கள் சூதாட்ட ஊரான ரீனோவுக்கு வாருங்கள், வீட்டைக் காட்டுகிறேன். நான் வாசல் வரைதான் வருவேன். உள்ளே நீங்களே போய்க்கொள்ளுங்கள்.

என் பெயர் டார்லா. காசினோவின் சாப்பாட்டுக் கூடத்தில் காபி ஊற்றுகிறவள். நாற்பத்தாறு வயதில் வெண்டலைக் கட்டிக்கொண்டேன். அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி மேவிஸ் காசினோவில் ஆட வருகிறவர்களுக்குச் சீட்டைப் பிரித்துப் போடுகிறவள். விவாகரத்து வாங்கிக்கொண்டு எல்கோ என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டாள்.

வெண்டலுக்குச் சில்லுப் பைத்தியம். காசினோவில் பணத்துக்குப் பதில் மேஜையில் வைத்து ஆடுவோமே, அந்த வட்டச் சில்லு. மூடிப்போன காசினோ, இடித்துப்போட்ட காசினோ, எதன் சில்லும் அவனிடம் இருக்கும். பின்னறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். நடுவில், ஏதோ ஒரு கிளப்பை இடித்தபோது ஏலத்தில் எடுத்த பச்சைத் துணி போட்ட சீட்டு மேஜை. என் பிறந்தநாள் அவனுக்கு நினைவிருக்காது. எந்தச் சில்லின் ஓரத்தில் எத்தனை கோடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். எனக்கு வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் அந்த மேஜையில் சில்லுகள் ஐந்தைந்தாக அடுக்கியிருந்தன. மயிரிழை பிசகவில்லை. சீட்டு போட்டுப் பழகிய கைக்குத்தான் அந்தச் சுத்தம் வரும்.

"யாருய்யா அடுக்கினது?"

"நான்தான்."

"நீயா? உன் கை நடுங்குற நடுக்கத்துக்கு காபியே சட்டையிலதான் குடிக்கிற!"

அவன் சிரித்தான். அறையில் லேசாக ரோஜாப் பவுடர் வாசம். நான் பவுடர் போடுவதில்லை.

அடுத்த வாரம், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு கைதட்டல். ஒரே ஒரு தட்டு. காசினோவில் வேலை செய்த யாருக்கும் அது புரியும். சீட்டு போடுகிறவள் மேஜையை விட்டுப் போகும்போது கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டவேண்டும். எதையும் எடுத்துப் போகவில்லை என்று அர்த்தம். கதவைத் தள்ளினேன். வெண்டல் மட்டும் இருந்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

மேவிஸ்தான்! பழைய சாவி அவளிடம் இருக்கிறது. எனக்குப் பற்றி எரிந்தது. மறுநாளே பூட்டை மாற்றினேன். அப்படியும் பவுடர் வாசம் போகவில்லை. புருஷனைப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்த வியாழக்கிழமை பாதி வேலையில் கிளம்பி வந்தேன்.

மணி 3.40. காலையிலிருந்து பனி பெய்திருந்தது. வாசலில் முழங்கால் உயரப் பனி. அதில் ஒரு காலடிகூட இல்லை.

உள்ளே சில்லுச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

பின்னறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வெண்டல் உட்கார்ந்திருந்தான். இன்னொரு சீட்டு வேண்டும் என்று இரண்டு விரலால் துணியைத் தட்டினான். என்னிடம் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு அவன் முகத்தில்.

எதிரே இரண்டு கைகள். வெள்ளைக் கைகள். சிவப்பு நகம்.

சீட்டு வழுக்கிக்கொண்டு வந்தது.

நான் கைக்கு மேலே பார்த்தேன். மணிக்கட்டு... கொஞ்சம் வெள்ளைச் சட்டைக் கை... அதற்கு மேலே ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி தெரிந்தது.

கைகள் நின்றன.

என் பக்கம் திரும்பின.

ஒரே ஒரு தட்டு.

உள்ளங்கைகள் விரிந்தன. ஒரு கை மட்டும்... மெதுவாக... வெண்டலின் கன்னத்தைத் தொட்டது.

அவன் கண்ணை மூடி, அந்தக் கையில் சாய்ந்தான்.

நான் அலறினேன்.

கை இல்லை. வெண்டல் திரும்பிப் பார்த்தான்.

"என்னம்மா, வேலை சீக்கிரம் முடிஞ்சுதா?"

அன்றே என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மேவிஸ் செத்துப்போயிருக்கிறாள், செத்தும் அவனை விடவில்லை என்றுதான் நினைத்தேன். எப்போது செத்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அவள் வீட்டுப் போன் எண்ணைத் தேடிப்பிடித்து எல்கோவுக்குப் போன் போட்டேன்.

"மேவிஸ்தான் பேசுறேன். யாரது?"

உயிரோடுதான் இருந்தாள்! பெயரைச் சொன்னேன்.

"ஓ, நீயா? பயப்படாதடி, உன் புருஷன் எனக்கு வேணாம். விவாகரத்து ஆன அன்னிக்கே பாலத்துலேர்ந்து மோதிரத்த ஆத்துல வீசிட்டுத்தான் ஊரவிட்டே கிளம்பினேன்."

பார்த்ததைச் சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சிவப்பு நகமா?"

"ஆமா."

"நானும் உன்ன மாதிரிதான் வயிறு எரிஞ்சு செத்தேன். எனக்கு முந்தி ஒருத்தி இருந்திருப்பான்னு நெனச்சேன். அவன் அம்மாகிட்டயே கேட்டுட்டேன். யாருமே கிடையாதாம்."

"அப்ப அந்த மேஜையோட வந்தவளா? இல்ல, அந்தச் சில்லோடயா?"

"மேஜையா? சில்லா? நான் கட்டிக்கிட்டு வந்தப்போ அவன்கிட்ட ஒரு சில்லுகூடக் கிடையாதேடி. சமையக்கட்டு மேஜையில சட்டைப் பட்டன வெச்சுத்தான் அவனும் அந்தக் கைக்காரியும் ஆடுவாங்க. பட்டன் வெச்சு ஆட அவளுக்குப் பிடிக்கலைன்னு ஒருநா சொன்னான். அன்னிக்குச் சாயங்காலந்தான் போயி மொதச் சில்ல வாங்கிட்டு வந்தான்."