திரையில் தெரிந்தது என் ரத்தமா?

நான் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படித்தபோது நடந்தது இது. வீடு மீஞ்சூரில், கல்லூரி திருவள்ளூர் பக்கம். தினமும் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிப் போய்வருவேன். வீட்டில் டாக்டருக்குப் படிக்கும் முதல் ஆள் என்பதால், அலுப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு உரிமை கிடையாது!

ஆய்வக வகுப்பில் அவரவர் விரலை அவரவரே குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கேமரா வைத்த புது மைக்ராஸ்கோப் வந்திருந்தது. அதில் வைக்கும் ஸ்லைடு பெரிய டி.வி.யில் தெரியும்; வகுப்பு முழுவதும் பார்க்கலாம். என் ஸ்லைடில் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மேடம் அதைத்தான் எடுத்து வைத்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடம் டி.வி.யைப் போட்ட நேரம், கடைசி மேஜையில் ஒருவன் சொந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தான். மேடம் அங்கே ஓடினார். நாங்கள் திரையைப் பார்த்தோம். சிவப்பணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மற்ற இடமெல்லாம் ஊதா நிறத்தில் பெரிய பெரிய செல்கள் அடைத்துக்கொண்டிருந்தன.

"பிளட் கேன்சர் படம் மாதிரியே கீதுடி" என்றாள் என் தோழி. சொன்ன பிறகுதான் அது யாருடைய ஸ்லைடு என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நாங்கள் கால் வைத்தியர்கூட இல்லை. ஆனாலும் எனக்கு எல்லாம் பொருந்தியது. எப்போதும் களைப்பு, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், தொளதொளத்துப் போன சுடிதார். வராந்தாவுக்கு ஓடி அப்பாவுக்குப் போன் போட்டேன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் அவருக்குக் காலை ஷிஃப்டு.

"நைனா, என் ரத்தத்துல ஏதோ..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"இன்னாமா சொல்ற? அழுவாத. அங்கியே இரு, நான் வந்துக்கினே கீறேன்." போனை வைத்துவிட்டார்.

தோழி என்னை உள்ளே இழுத்துப்போனாள். விஷயத்தைக் கேட்ட மேடம் திரையைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பினார். கீழே ஸ்லைடு நகர்ந்தது. மேலே படம் அசையவே இல்லை.

"அடக் கடவுளே, இது உன் ரத்தமே இல்லம்மா!"

நல்ல ரத்தத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவதற்காக மேடம் முன்பே கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்த பழைய பிளட் கேன்சர் படம் அது. கேமராவுக்கு மாற்றுவதற்குள்தான் அந்த மாணவன் விழுந்துவிட்டான். இப்போது மாற்றினார். வெளிர் சிவப்பில் வட்ட வட்டமாக, ஒரு குறையும் இல்லாமல் என் ரத்தம் வந்தது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். மயங்கி விழுந்தவன் எனக்குத் தண்ணீர் கொடுத்தான்!

அப்பாவைக் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. புதுவாயல், பெரியபாளையம் வழியாகப் பைக்கில் பறந்து வந்துகொண்டிருந்தவருக்கு எங்கே கேட்கும்? கம்பெனி ஷூவோடு, முகமெல்லாம் புழுதியோடு வந்து நின்றார். மேடம் நடந்ததைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டு, டி.வி. முன்னால் உட்கார வைத்து, திருகைத் திருப்பிப் படம் நகர்வதைக் காட்டினார்.

"இதுதாங்க உங்க பொண்ணு ரத்தம்."

"நல்லாக்குதா மேடம்?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"திரும்பவும் ஒருதபா அந்தத் திருகைத் திருப்பிக் காட்டுங்க மேடம்" என்றார் அப்பா. படம் நகர்ந்தது. அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

இப்போது நான் பயிற்சி மருத்துவர். யாருடைய பரிசோதனை முடிவைப் பற்றியும் வாயைத் திறப்பதற்கு முன், அது அவருடையதுதானா என்று இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன். நான் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எங்கிருந்தோ யாரோ ஒருவர் போட்டது போட்டபடி கிளம்பி வருவார் என்பது எனக்குத் தெரியும்.