பெரட்டில் ‘வரல’ என்ற பாக்கியம் அக்கா

செமோர் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தோட்டத்து மாரி தோளைத் தட்டி, “அண்ணே, பாக்கியம் அக்கா போயிட்டாங்க லா. நேத்து சிம்பாங் பூலாய்ல எடுத்துட்டாங்க,” என்றான். மீன் வாங்காமலே வீடு திரும்பினேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லையே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்து பால்மரம் வெட்டியவர் அக்கா. அந்தக் காலரா ஆண்டை நம் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டில் சங்கிலி போட்டார்கள். ஒரு வாரம் புதிதாக யாருக்கும் வாந்திபேதி வராவிட்டால் திறப்போம் என்றார்கள். பிறகு, ஊசி போட்டவர் போகலாம் என்றார்கள். வெயிலில் வரிசையாக நின்று போட்டுக்கொண்டோம். மறுநாளே ஊசி மட்டும் போதாது, மறுபடி அதே ஒரு வாரம்தான் என்றார்கள். என்ன விளையாட்டு ஐயா அது! என் மனைவிக்குச் செமோரில் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. நான் அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல், கூண்டில் போட்ட கோழி மாதிரி லயத்துக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

நோயாளிக் கணக்கைப் பெரட்டில்தான் எடுத்தார்கள். விடியற்காலையில், வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். குரல் வந்தால் ஆள் சுகம், அவ்வளவுதான். முகத்தை யார் பார்த்தார்? படுத்துக் கிடப்பவனுக்காகப் பக்கத்து வீட்டுக்காரன் “வந்துட்டேன்” என்பான். கிராணிக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். நோயில்லாத தோட்டம் என்றே கணக்கு மேலே போனது.

வாரம் முடிகிற நாள். நான் பையைக் கட்டி வைத்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்து யாரோ “வந்துட்டேன்” என்றார்கள்.

“வரல!” என்றார் அக்கா. “லயத்துல வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்காரு. இன்னும் நாலு வீட்ல கெடக்காங்க. டாக்டரக் கூப்பிடுங்க.”

அன்று அவிழவிருந்த சங்கிலி அப்படியே கிடந்தது, மறுபடி ஒரு வாரம் என்றார்கள். அக்காவைத் திட்டாத வாய் இல்லை. நான் அவர் வாசலில் நின்று, “எம் புள்ளயப் பாக்க விடாமப் பண்ணிட்டியே அக்கா!” என்று கத்தினேன்.

“நல்லாத் திட்டிக்க தம்பி. பொய் சொல்லித் தொறந்த கேட்டு வழியா நீ என்னத்தக் கொண்டு போவே?” என்று கேட்டுவிட்டு, வீட்டுக்காரருக்குத் தண்ணீர் புகட்ட உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை டாக்டர் வந்தார். வீட்டுக்காரரை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள், அங்கேயே இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் போன உயிர் தோட்டத்துக் கணக்கில் சேராதாம். தோட்டத்தில் சாவே இல்லை என்று கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். அக்கா அதன் முன்னால் நின்று, “அப்ப என் தாலி எந்த ஊர்ல அறுந்துச்சு?” என்று கேட்டார். பாவி மனுஷி, அழக்கூட இல்லை.

டாக்டர் வந்த மறுநாள் எனக்கும் பேதி கண்டது. மருந்து பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தேன். கேட்டைத் திறந்துவிட்டிருந்தால், அந்த நேரம் நான் செமோரில் பச்சைக் குழந்தையை மடியில் வைத்திருப்பேன்.

என் மகள் இப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அக்காவின் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டுவேன்.