மஞ்சள் வெல்லம் போட்ட பீர்

ஆம்பூரில் என்னோடு ஒரே அறையில் ஒரு சமையல்காரன் இருந்தான். அரக்கோணத்துக்காரன். ஒரு ஷூ கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் வேலை. அங்கே வந்து தங்கும் வெளிநாட்டு டெக்னீஷியன்களுக்குக் காரம் கம்மியாகச் சமைத்துப் போடுவான். எனக்கு ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல இரண்டு வருடம் இருந்ததில்லை. அப்போது ஒரு டேனரியில், தோலிலிருந்து மயிரை எடுக்கும் பகுதியில் இருந்தேன். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் தோல் ஊறும் இடம். அழுகின முட்டை நாற்றம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். சேர்ந்த புதிதில் எனக்கும் வாந்தி வந்தது. பிறகு மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டது.

கெஸ்ட் ஹவுஸை மூடினார்கள். அவனுக்கு வேலை போனது. கடைசியாக ஊருக்குக் கிளம்பிய டெக்னீஷியன், பெட்டியில் இடமில்லை என்று மூன்று டின்களை அவனிடம் விட்டுப் போனார். வீட்டிலேயே பீர் செய்வதற்கான டின்கள். உள்ளே தார் மாதிரி கெட்டியான மால்ட் பாகு, மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம். பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, குளிர்ந்த தண்ணீர் விட்டு நிரப்பி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்தால் தானாகப் பொங்கி அடங்கும். கெஸ்ட் ஹவுஸில் அவருக்கு உதவி செய்து இவனுக்கு வேலை பழகியிருந்தது. நம் ஊரில் இதைச் செய்வது சட்டப்படி தப்பு என்று இருவருக்கும் தெரியும்.

அந்த டெக்னீஷியன் பெங்களூரில் ஒரு பாருக்குப் போய்வருவார். அங்கேயே பீர் தயாரித்து விற்கிறார்கள். அதைத் தயாரிக்கும் அம்மா கோலார் பக்கம், தமிழ் பேசுவார். அவரிடம் டெக்னீஷியன் இவனைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார். இவன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"வெள்ளைச் சக்கரை போட்டு யார் வேணாலும் செய்யலாம். உங்க ஊர்ல இன்னா கெடைக்குதோ அதப் போட்டுச் செஞ்சி எடுத்துட்டு வாங்க. நல்லா வந்தா ஆள் எடுக்கறேன்."

அவனுக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு முன்னால் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டிருந்தது. பிரியாணிக் கடையில் கூப்பிட்டார்கள், போகவில்லை. "இன்னொரு வாட்டி அடுப்பு பத்த வெச்சேன்னா சாவறவரிக்கும் அதான்" என்றான். அந்த மூன்று டின்களைத்தான் நம்பியிருந்தான்.

முதல் டின்னில் பனைவெல்லம் போட்டான். கருப்பாக, புகை வாசனையோடு வந்தது. எனக்குப் பிடித்தது. "இருமல் மருந்து" என்று அவனே கொட்டிவிட்டான். இரண்டாவதில் வாணியம்பாடியிலிருந்து பேரீச்சம்பழப் பாகு வாங்கி வந்து போட்டான். அது தண்ணியாகப் போய் லேசாகப் புளித்தது. மிச்சம் ஒரு டின்.

கடைசி டின்னுக்காக வேலூர் மண்டிக்கு என்னையும் கூட்டிப்போனான். கடைக்காரர் இரண்டு வெல்லம் எடுத்து வைத்தார். ஒன்று அழுக்குப் பழுப்பு. இன்னொன்று மஞ்சள், உள்ளே விளக்கு வைத்தது போல. இவன் மஞ்சளைக் கையில் உருட்டிப் பார்த்தான்.

"கிளாஸ்ல ஊத்தினா இந்தக் கலர்ல நிக்கணும்டா" என்றான்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அந்த வெல்லத்தோடு கடைசி டின்னைக் கரைத்து, கட்டிலுக்கு அடியில், குழாய் வைத்த தண்ணீர் கேனில், சுற்றிலும் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். வெயில் காலம். சாக்கு காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை நான் பார்த்தேன். பொங்க ஆரம்பித்த பிறகு ஒருநாள், மோட்டார் போட வந்த வீட்டுக்கார பாய் எங்கள் வாசலில் நின்று மூக்கைப் பொத்தினார்.

"இன்னாப்பா இது, டேனரியவே ரூமுக்குக் கொண்டாந்துட்டீங்களா?"

"நான் இல்ல பாய், இவன்தான்" என்றான் சமையல்காரன். "எத்தினி வாட்டி சொல்றது, கம்பெனித் துணிய வெளிய அவுத்துப் போட்டு வாடான்னு."

"தம்பி, ஜாஸ்தியா கீதுப்பா. சோப்பு வேணா நான் தரேன்."

நான் பாய் கொடுத்த சோப்பில் எல்லாவற்றையும் துவைத்தேன். இரண்டு நாள் கழித்து அவன் மறுபடியும் முகத்தைச் சுளித்தான். துணியை மொட்டை மாடியில் வைத்தேன். பிறகு என் படுக்கையையும் தலையணையையும் அங்கேயே தூக்கிப் போனேன். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை, அதனால் வாதாடவும் முடியவில்லை. மாடியில் காற்று நன்றாக வந்தது.

பீர் தெளிந்தது. நிறம் அவன் நினைத்தபடியே வந்திருந்தது. சோடா பாட்டில்களில் ஊற்றி, கேஸ் ஏறுவதற்கு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அதே வெல்லத்தைப் போட்டு இறுக்கி மூடினோம். அங்கே போய்த்தான் திறப்பது என்று சொல்லிவிட்டான்.

பெங்களூருக்கு ரயிலில் போனோம். எனக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தான், நாற்றத்துக்காகத்தான். அந்த அம்மா எங்களைப் பளபளவென்று பெரிய டேங்குகள் நிற்கும் அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி கிளாஸை எடுத்து, பாட்டில் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. சமையல்காரன் சட்டென்று திரும்பி என் சட்டையைப் பார்த்தான்.

அந்த அம்மா கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்தார்.

"மஞ்சள் வெல்லமா?"

"ஆமா மேடம்."

"வெல்லம் காய்ச்சறப்ப கலருக்கு ஹைட்ரோஸ்னு ஒரு பவுடர் போட்டிருப்பாங்க. அதுல இருக்கற கந்தகத்த ஈஸ்ட் இப்படி ஆக்கிடும். முட்ட நாத்தம். வீட்ல வரலையா?"

"வந்துச்சி மேடம். இவன் மேலன்னு நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். டேனரியில் வேலை என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். சமையல்காரன் சிரிக்கவில்லை. பாட்டிலின் மூடியை எடுத்து மறுபடி திருகி மூடினான்.

"இன்னொண்ணு செஞ்சி எடுத்துட்டு வாங்களேன்."

"டின் இல்ல மேடம்."

அவர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் நன்றாக வந்திருக்கிறது என்றார். பீர் செய்யும் வேலைக்கு இப்போது எடுக்க முடியாது, டேங்க் கழுவ ஆள் வேண்டும், அதற்கு வருகிறாரா என்று கேட்டார்.

"அடுப்பு இருக்குமா மேடம்?"

"டேங்க் கழுவறதுக்கு எதுக்கு அடுப்பு?"

"அப்ப சரி. எப்ப வரணும்?"

"இன்னிக்கே வேணும்னாலும் இருங்க."

அவன் என்னிடம் அறைச் சாவியைக் கொடுத்தான். மிச்ச பாட்டில்களை வடிகாலில் ஊற்றச் சொன்னார்கள்; ஊற்றினேன். ஒரு ஆள் ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டான். சமையல்காரன் செருப்பைச் சுவரோரம் விட்டுவிட்டு, நரம்பு சுருண்ட காலை உள்ளே நுழைத்து, எழுந்து நாலு அடி நடந்து பார்த்தான். ஒரு சைஸ் பெரியது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுக்கப் போனான்.