ஆறுமுகம் போடாத ஓட்டை

நேத்து கிருமாம்பாக்கத்துல மாலையோட நான் நுழைஞ்சது தப்பான வூடு.

ஒரே தெருவுல ரெண்டு சாவு. முதல்ல தெரிஞ்ச பந்தல்ல பூந்து, கால்மாட்டுல மாலைய வச்சு, கும்பிட்டு, கண்ணையும் தொடச்சிக்கிட்டேன். "நீங்க பாட்டிக்கு இன்னா மொறை?"ன்னு ஒருத்தர் கேட்டப்பதான் பாக்கெட்ல கண்ணாடியத் தேடுனேன்...

ஆறுமுகம் வூடு கொஞ்சம் தள்ளி. வெறுங்கையோட போய் நின்னேன்.

ஆமாங்க. ஆறுமுகம் போயிட்டாரு.

வில்லியனூர் லேத்து பட்டறைல ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பாத்தோம். பாகூர் பக்கத்து பம்புசெட்டு இஞ்சின் பாதி எங்ககிட்டதான் ரிப்பேருக்கு வரும். அவரு லேத்து ஓட்டுற டர்னர். நான் எட்டாவது பெயிலு. எதக் குடுத்தாலும் கெட்டியா புடிச்சிக்கிட்டு நிப்பேன், அதான் என் தொழில்.

"அவரு"ன்னு எழுதவே வரல. அவன்னே எழுதிக்கிறேன், வூட்டுக்காரங்க மன்னிக்கணும்.

எழுபதுகளோட கடைசி. ஊர்ல ஒரு சொல்தா இருந்தாரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்குறவங்கள எங்க பக்கம் அப்பிடித்தான் கூப்புடுவோம். அவருகிட்ட லைசென்ஸோட ஒரு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி. பறவை சுடுறது. சுட்டதும் காலித் தோட்டாவ அதுவே வெளிய தள்ளிட்டு அடுத்தத அதுவே ஏத்திக்கும்.

ஒரு ஆயுத பூஜைக்கு அதக் கொண்டாந்து எங்க லேத்து பக்கத்துல சாத்தி வச்சாரு. பொட்டு வைக்கிற வேலை என்னுது. வெளிய மட்டும் வச்சா போதுமா? முன்பக்கத்து மூடியக் கழட்டி, உள்ள இருந்த ஸ்பிரிங்குக்கும் சந்தனம் பூசி குங்குமம் வச்சேன்.

பக்தி...

மூணாம் நாள் சொல்தா வந்து குதிக்கிறாரு. "பாகூர் ஏரில ஒரே ஒரு வெடிதாண்டா வெடிச்சுது. அப்புறம் அசையல. தாரா வாத்தெல்லாம் என்னைச் சுத்திப் பாத்துட்டுப் போவுது!"

ஆறுமுகம் கழட்டுனான். "இன்னாபா இது, உள்ள ஒரு கோயிலே இருக்குது?"

பட்டறை மொத்தமும் என்னைத் திரும்பிப் பாத்துது.

தொடச்சி, எண்ணெய் போட்டு, மாட்டிக் குடுத்தாச்சு. ஆனா ஆறுமுகம் அதோட உள்பக்கத்தப் பாத்துட்டான். அன்னிலேருந்து அவன் நெனப்பெல்லாம் அதுலதான்.

அந்த மாடல்ல சுட்டா குழாயே பின்னால வரும். அந்த வேகத்த அடக்க ஒரு பித்தளை வளையம். பலமான தோட்டாவுக்கு அத ஒரு மாதிரி மாட்டணும், லேசான தோட்டாவுக்கு வேற மாதிரி. மழைல நமத்துப்போன தோட்டான்னா எப்பிடி மாட்டினாலும் பாதில நின்னுக்கும்.

"தோட்டாவுக்குத் தோட்டா கழட்டி மாட்டணும்னா இது இன்னா ஆட்டோமேட்டிக்கு? சொல்தாவே ஓடிப் போய் தாராவப் புடிச்சிக்கலாம்"னான்.

ஒருநாள் டீசல் இஞ்சின் பிஸ்டனத் தொடச்சிக்கிட்டே சொல்றான்... "குழாய் ஏன் வரணும்? அது பாட்டுக்கு நிக்கட்டும். அதுல சின்னதா ஒரு ஓட்டை. சுட்ட புகை அது வழியா வந்து ஒரு பிஸ்டனத் தள்ளட்டும். இஞ்சின் அப்பிடித்தானே ஓடுது?"

சைக்கிள் பம்பு, பழைய பைப்பு, ஒரு ஸ்பிரிங்கு... மாதிரி ஒண்ணு செஞ்சே காட்டுனான். பம்பு அடிச்சா உள்ள இருக்குற கட்டை பின்னால போய், தானா திரும்பி வரும். சொல்தா சின்னப் புள்ள மாதிரி அடிச்சிக்கிட்டே இருந்தாரு.

ஆனா நெசக் குழாய்ல ஓட்டை போட மட்டும் முடியவே முடியாதுன்னாரு. "டேய், அது என் பொண்ணு மாதிரிடா."

"பொண்ணுக்குக் காது குத்தறதில்லியா சொல்தா?"

ஆறுமுகத்துக்கு அது ஒண்ணுதான் ஆசை. "எல்லாம் எவனோ செஞ்ச மெஷினுக்கு ரிப்பேரு பாத்தே போவுதுபா. நான் நெனச்சது ஒண்ணாவது ஓடணும்"பான். சிரிக்காம சொல்லுவான்.

ஒரு ஞாயித்துக்கெழம சொல்தாவே குழாயத் துணில சுத்திக் கொண்டாந்துட்டாரு. "போடுடா, பாத்துக்கலாம்."

வைஸ்ல இறுக்கியாச்சு. வழக்கம்போல நான் புடிச்சிக்கிட்டேன். ட்ரில்லு ஓடுது. ஆறுமுகம் கிட்ட கொண்டாந்தான்... நின்னான். சொல்தா மொகத்தப் பாத்தான். குழாயப் பாத்தான். மறுபடியும் மொகம்.

சுவிட்ச ஆஃப் பண்ணிட்டான்.

"வேணாம் சொல்தா. கணக்கு தப்பிடுச்சின்னா வெடிக்கிறது உங்க கன்னத்துகிட்ட."

சொல்தா வைஸ்லேருந்து குழாயக் கழட்டுனாரு. துணியச் சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் அவரு பிரான்ஸ்ல மகன் வூட்டுக்குப் போயிட்டு வந்தப்ப, ஒரு துப்பாக்கிக் கடையோட கேட்லாக்கு கொண்டாந்தாரு. ஒரு படத்துல துப்பாக்கிய நடுவுல வெட்டுன மாதிரி வரைஞ்சிருந்தாங்க. குழாய் நிக்குது. அடியில ஓட்டை. அதுக்குக் கீழ பிஸ்டன்.

"அங்க இது ரொம்ப நாளாவே இருக்குதாம்டா"ன்னாரு. கொஞ்சம் மெதுவாத்தான் சொன்னாரு.

ஆறுமுகம் கிரீஸ் கைய வேட்டில தொடச்சிட்டு அந்தப் படத்த வெரலால தடவிக்கிட்டே இருந்தான். அப்புறம் என்னைப் பாத்து, "அப்ப... அன்னிக்குப் போட்டிருந்தா ஓடியிருக்கும், இல்லபா?"

எனக்கு எதையும் நேரா பேச வராது. "போட்டிருந்தா சொல்தாவ ஏரிக்கரைல கூடைல பொறுக்கியிருப்போம்"னேன்.

பட்டறையே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல.

நேத்து அவன் பொண்ணு "மொகம் பாருங்க மாமா"ன்னு துணிய வெலக்குச்சு. பின்னால மேளச் சத்தம், தூக்குறதுக்கு அவசரப்படுத்துறாங்க.

"போயிட்டு வாப்பா ஆறுமுகம்"னு மட்டும் சொன்னேன்.

வாய் வரைக்கும் வந்தது அது இல்ல.

ஓடியிருக்கும்பா. நெசமா ஓடியிருக்கும்.