சமையல் மாஸ்டர் விடுப்பில் இருந்த நாள்

சென்ற ஞாயிறு பூந்தமல்லியில் ஒரு திருமண வரவேற்பு. மேடையில் ஒலிபெருக்கி கரகரத்தது. மணமகனின் தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணாத்தே, நீ டி.வி. ரிப்பேர் பாக்கிற ஆளுதானே... இத்த கொஞ்சம் இன்னான்னு பாரேன்.”

டி.வி. பெட்டியைத் தொட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்றேன். தொலைபேசித் தொழிலிலிருந்துதான் ஓய்வு பெற்றேன் என்றும் விளக்கினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“ரெண்டும் ஒயர்தானேப்பா” என்று சொல்லிவிட்டுத் தாமே போய் ஒலிபெருக்கியின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். சரியாகிவிட்டது.

இரண்டும் ஒயர்தான் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையால் என் வேலை போக இருந்தது.

எண்பதுகளில் அம்பத்தூரில் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் நான் டி.வி. மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது படுத்துவிட்ட பெட்டியை எழுப்பி உட்கார வைப்பவனுக்கு ஆவடிக் குவார்ட்டர்ஸில் கிடைத்த மரியாதை இருக்கிறதே... மருத்துவருக்கும் அது வாய்த்திராது. நோயாளிக்காக அழுவது ஒரு குடும்பம். டி.வி.க்காக அழுவது ஒரு பிளாக் முழுவதும்.

அந்தத் தொழிலுக்கு ஒரே வேதம்: பழுது பெட்டிக்குள் இருக்கிறது.

வீட்டார் ஆயிரம் காரணம் சொல்வார்கள். “மழை பேஞ்சதிலேர்ந்து இப்படித்தான்” என்பார்கள். “எங்க மாமியார் வந்ததிலேர்ந்து” என்றும் ஒருவர் சொன்னதுண்டு. அனைத்துக்கும் தலையசைப்போம். அசைத்துக்கொண்டே பின்மூடியைக் கழற்றுவோம். அந்தத் தலையசைப்பு ஒரு தொழில் நாகரிகம். அதற்கும் காதுக்கும் தொடர்பு கிடையாது.

தொண்ணூறு பிறந்த சமயத்தில் தொழிற்பேட்டை ஆலைகளுக்குத் தொலைபேசி மோகம் பிடித்தது. ஆலைக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள, வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பிரித்தனுப்ப, ஒவ்வோர் ஆலையிலும் ஓர் இணைப்பகப் பெட்டி. அவற்றை நிறுவும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது — மூன்று மாதம் சோதனை முறையில். கடைக்கார முதலாளியிடம் விடைபெற்றபோது, இனிமேல் நான் அடிவாங்கும் பெட்டிகளோடு பழகுபவன் அல்லன் என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

“போய்ட்டு வா நைனா” என்றார் அவர். அதில் ‘வா’ என்ற பகுதியை மட்டும் அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது.

மூன்றாம் மாதம் என் பொறுப்பில் விடப்பட்டது ஒரு திருகாணித் தொழிற்சாலை. நாற்பது தொலைபேசிகள். இணைப்பகம் முன் அலுவலகத்தில். அதன் முன்னே அமர்ந்து அழைப்புகளைப் பிரித்தனுப்புபவர் ஸ்டெல்லா. ஆவடியிலிருந்து ரயிலில் வருபவர். பழைய தொலைபேசிப் பலகையில் பதினைந்து ஆண்டுகள் இணைப்புக் கயிறு மாற்றிச் செருகியவர். ஆலையில் யார் யாரோடு பேச்சுவார்த்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது மேலாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை விடுமுறையில் இருந்தபோது ஒயர் இழுத்து முடித்தேன். திங்கட்கிழமை தொலைபேசிகள் பேசின. காலை பத்து மணிவரை.

பத்து மணிக்குப் பின்கட்டில் இருந்த எட்டுத் தொலைபேசிகள் — ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், அந்த வரிசை முழுவதும் — கரகரத்து, முனகி, செத்துப்போயின. ஸ்டெல்லா ஏதோ சொன்னார். தலையசைத்துவிட்டு இணைப்பகத்தைத் திறந்தேன். உள்ளே வரிசையாகச் செருகப்பட்ட கார்டுகள். எட்டு இணைப்புகளுக்கும் உரிய கார்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மீண்டும் செருகினேன். பிற்பகல் இரண்டு மணிக்கு எட்டும் உயிர் பெற்றன. “பழுது நீக்கப்பட்டது” என்று அறிக்கை எழுதிவிட்டுப் பேருந்தைப் பிடித்தேன்.

செவ்வாய் பத்து மணிக்கு மீண்டும் சாவு. புதிய கார்டு மாற்றினேன். இரண்டு மணிக்கு உயிர். அறிக்கை.

புதன்கிழமை மின்வழங்கும் கார்டையே மாற்றினேன். இரண்டு மணிக்கு உயிர். அறிக்கை. நாள்தோறும் குணப்படுத்தும் மருத்துவரை உலகம் எவ்வளவு நாள் பாராட்டும்?

“வெள்ளிக்கிழமை, வேலை சரியா முடிஞ்சதுன்னு அந்த ஆலை மேனேஜர் கையெழுத்து போட்ட பேப்பர் என் மேஜைக்கு வரணும்” என்றார் என் அதிகாரி. “வரலைன்னா திங்கக்கிழமை நீங்க இங்க வர வேண்டாம். பழைய கடை இருக்கு இல்ல?”

பழைய கடை இருந்தது. அதில் பழைய முதலாளியும் இருந்தார் என்பதுதான் கொடுமை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே போய் இணைப்பகத்தின் எதிரே உட்கார்ந்துவிட்டேன். கையில் ஸ்குரூ டிரைவர். பத்து அடித்தது. ஒன்றும் நிகழவில்லை. பதினொன்று. பின்கட்டுத் தொலைபேசிகள் மணிமணியாகப் பேசிக்கொண்டிருந்தன. என் நெஞ்சு நிமிர்ந்தது.

“இன்னிக்கு லைன் போகாது தம்பி” என்றார் ஸ்டெல்லா, ஓர் அழைப்பை மாற்றிக்கொண்டே.

“நேத்து மாத்தின கார்டு அப்படி மேடம்.”

“அது இல்ல. மாஸ்டர் லீவு. கேன்டீன்ல இன்னிக்கு பிரட்டும் ஜாமும்தான்.”

பழக்கத்தால் தலையசைத்தேன். மறுபடி ஒருமுறை அசைக்கப் போனபோதுதான் அவர் சொன்னது காதுவரை வந்து சேர்ந்தது.

எழுந்து பின்கட்டுக்கு ஓடினேன். கேன்டீன் வெறிச்சோடிக் கிடந்தது. அடுப்பின்மேல் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கத்தக்க சோற்று அண்டா. அண்டாவுக்கு நேர்மேலே, சுவரில், எட்டு ஒயர்களும் வந்து சேரும் இணைப்புப் பெட்டி. மூடியைத் திறந்தேன். முனைகளில் பச்சைப் பாசிபோலக் களிம்பு. உள்ளே ஒரு மூலையில் இரண்டு பருக்கைகள்.

காலை பத்துக்கு அண்டா கொதிக்கும். நீராவி பெட்டிக்குள் ஏறும். ஒயர்கள் ஒன்றோடொன்று ஈரத்தால் உறவாடும். சாப்பாடு முடிந்து அடுப்பு அணைந்ததும் இரண்டு மணிக்கு உலர்ந்துவிடும். மூன்று நாளும் தொலைபேசிகளைக் குணப்படுத்தியது நானல்லன், சாப்பாட்டு நேரம்.

இவ்வளவு அறிவோடு அந்தப் பெட்டியை அங்கே மாட்டிய மேதை யார்?

வேறு யார்? விடுமுறை நாளில், குளிர்ந்த அடுப்புக்கு மேலே, காலியான சுவர் கிடைத்ததே என்று மகிழ்ந்து ஆணியடித்தவன் நான்தான். டி.வி.யைக் கூடத்தில் எங்கு வைத்தால் என்ன என்று பழகிய கை அது. சுவரைப் பார்த்தேன், அடுப்பைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து ஸ்டெல்லாவிடம் கேட்டேன். குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது. தவறு செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வருகிறது?

“இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“சொன்னேனே தம்பி. திங்கக்கிழமையே சொன்னேன் — கேன்டீன்ல அண்டா கொதிச்சதும் லைன் போச்சுன்னு. நீங்கதான் நல்லா தலையாட்டினீங்க.”

பிற்பகலுக்குள் பெட்டியைக் கழற்றி, எதிர்ப்புறம் வெளிவராந்தாச் சுவருக்கு மாற்றினேன். களிம்பேறிய முனைகளை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் வந்துவிட்டார். பெயர் முனுசாமி. வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“இங்க ஒரு டப்பா இருந்துச்சே, எங்கப்பா?”

“மாத்திட்டேன் மாஸ்டர். உங்க ஆவியில ஃபோன் கெட்டுப்போவுது.”

“அய்யே... அதுமேலதான்யா மூணு நாளா நான் கரித்துணி காயவெச்சேன். அனலுக்கு சீக்கிரம் காஞ்சிடும். சொல்லாம கொள்ளாம எடுத்துகினு போய்ட்டே?”

ஈரத்துணியுமா? அவர் என்னைத் திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார். அண்டா பொங்கியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு — எட்டுத் தொலைபேசிகளும் வாய் ஓயவில்லை.

ஒரு மணிக்கு மேலாளர் முன் அலுவலகத்துக்கு வந்தார். அதிகாரி கேட்ட சான்றிதழை நீட்டினேன். என்னைப் பார்க்காமல் ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

“என்னம்மா, போடலாமா? இல்ல நாளைக்கும் இதே கதையா?”

ஒரு காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டோடு ஸ்டெல்லா என் எதிர்காலத்தை நிதானமாக எடை போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எந்தக் கதவின் முன்னே போய் நிற்பேன் என்பது அந்த ஒரு வாயில் இருந்தது.

“போடுங்க சார்” என்றார். “தம்பி இப்ப காதையும் எடுத்துகினு வந்திருக்கு.”

மேலாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். மிச்சத்தை நிரப்பிக்கொள்ளுமாறு தாளை என்னிடம் தள்ளினார். பழுதின் காரணம்: ‘நீராவி’ என்று எழுதினேன். கீழே இன்னொரு கட்டம் இருந்தது — பழுதைக் கண்டறிந்தவர்.

ஸ்டெல்லா இரண்டடி தொலைவில் ஓர் அழைப்பை டெஸ்பாட்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பேனா சற்றே நின்றது. பிறகு என் பெயரை எழுதியது.

முந்தைய மூன்று அறிக்கைகளும் அறியாமல் எழுதிய பொய்கள். நான்காவதை அறிந்தே எழுதினேன் — வேலையை நிரந்தரமாக்கியது அதுதான்.