ஒன்றாய்க் குளிசைக்குப் போனவர்

காசநோய்க்குக் குளிசை எடுக்க நானாட்டானில் இருந்து மன்னாருக்கு பஸ்ஸில் போய்வந்த காலத்தில் அவரோடு பழக்கம். இந்திய அகதி முகாமில் இருந்து திரும்பியவர். மெலிந்த ஆள். தேத்தண்ணிக்குத் தன் கோப்பையைத் தானே கொண்டுவருவார். கடைக்காரன் சங்கடப்படக் கூடாதாம்.

கிளினிக்கில் எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. சோதனையும் செய்தார்கள். எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது. என்னிடம் மட்டும்தான் சொன்னார். இரண்டு நோய்க்கும் ஒரே இடத்தில் மருந்து கொடுத்ததால், ஊர் எங்கள் இருவரையும் காசநோய்க்காரர் என்றே நினைத்தது.

இருவருக்கும் காசநோய் மாறிச் சுகமானது. எனக்குக் குளிசை முடிந்தது. மற்றக் குளிசைக்கு அவர் உயிர் உள்ளவரை போகவேண்டும்.

"இனி நான் தனியப் போனா, இவனுக்கு மட்டும் ஏன் முடியேல்லை எண்டு கேப்பினம்," என்றார். பிறகு சிரித்தார். "அண்ணை, நீங்கள் கொஞ்சம் மெல்லமாச் சுகப்பட்டிருக்கலாம்."

நான் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் உழவு மெசினில் பஸ் தரிப்பைக் கடந்தேன். அவர் தனியாக நின்றார். மற்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் கோப்பையை உயர்த்திக் காட்டினார். எனக்கு ஒரு இருமலாவது வந்திருக்கலாம் என்று நினைத்தேன்.